ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கத் தெரியாதவர்

பேஸ்போல் என்றால் என்னவென்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஒரு ஆட்டம் எப்போது முடியும் என்று கேட்டால் கையை விரிப்பேன். ஆனால் ஒரு அணி யாரை விற்கலாம், யாரை விற்கக்கூடாது, விற்றவனுக்குப் பதிலாக யாரை வாங்கியிருக்க வேண்டும், அது தெரியாத நிர்வாகத்தை எந்தக் கழுதையில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் சண்டை பிடிக்கத் தெரியும். ஒரு சதத்துக்கும் உதவாத இந்தக் கல்வியை எனக்கு ஊட்டியவர், ஆட்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் ஒரு வான்காரர்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். வானில் ஏறிய எல்லோருக்கும் அவர் அண்ணைதான். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஆள் கட்டை, மீசை பெரிது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மொன்றியலில் எங்களைப் போன்ற பலருக்கு வேலை என்றால் கோட்-டெ-நெய்ஜில் இருந்து புவாண்ட்-கிளேருக்குப் போய்ப் பெட்டி கட்டுவதுதான். பஸ்சை நம்பினால் பாதிச் சீவியம் பஸ்சிலேயே போய்விடும். ஆகவே அண்ணையின் வான். அவரும் அதே கொம்பனியில்தான் வேலை செய்தார். முன் இருக்கையில் அவருடைய மனைவி பிலோமினா அக்கா. நடுவில் நானும் தவம் அண்ணையும். கடைசி வரிசையில், ஏறியவுடன் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிடும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. இந்தக் கதை முழுவதும் அவர்கள் நித்திரைதான்.

வான் கிளம்பினால் றேடியோவும் கிளம்பும். பிரெஞ்சில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. நகரத்தின் பேஸ்போல் அணியைச் சனங்கள் போன் எடுத்துத் திட்டுவார்கள். அந்த நாட்களில் அணியின் நிலை திட்டுகிறவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. முதலாளி விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்க ஆளில்லாமல் லீக்கே அதை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த ஊர் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேடியத்தில் ஆட்களைவிடக் கதிரைகள்தான் அதிகம். சொந்த ஊரில் ஆட வேண்டிய சில ஆட்டங்களைக்கூட எங்கோ ஒரு கரீபியன் தீவுக்குக் கொண்டுபோய் ஆடினார்கள். கொஞ்சம் நன்றாக விளையாடுகிறவனுக்குச் சம்பளம் கூடும். கூடியவுடன் அவனை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். பதிலுக்கு மீசை முளைக்காத பெடியன்கள் வருவார்கள்.

அண்ணை பிரெஞ்சு படித்தது இந்த றேடியோவில்தான். அரசாங்கம் நடத்திய வகுப்புக்குப் போய், பாதியில் நின்றவர். அதனால் அவருக்குப் பிரெஞ்சில் அரைக் கிலோ இறைச்சி வாங்கத் தெரியாது, ஆனால் இடக்கையால் பந்து எறிகிறவனின் தோள்மூட்டைப் பற்றி விரிவுரை செய்வார். ஒருமுறை வயிற்றுக்குத்து என்று டாக்டரிடம் போய், "இன்றைக்கு நான் விளையாட முடியாது, காயக்காரரோடு சேர்த்துவிடுங்கள்" என்றாராம். டாக்டர் சிரித்துச் சிரித்து இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். பிலோமினா அக்கா இதை எங்களுக்குச் சொன்னபோது அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அப்போது அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

பந்து எறிகிறவனுக்கு எங்கள் வானில் எறிகாரன் என்று பெயர். அடிக்கிறவன் அடிகாரன். சண்டை எப்போதும் தவம் அண்ணையில்தான் தொடங்கும். அவர் யாழ்ப்பாணத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வியாபாரம் பார்த்தவர். எதையும் விற்றுப் பழகியவர்.

"அடிக்காதவனை வைச்சுப் பூசை செய்யிறதே? வித்துத் தள்ளோணும் அண்ணை."

"வித்தா? பதிலுக்கு ஆர்?"

"ரெண்டு இளம் பெடியள் வருவாங்கள். பேந்து காய்ப்பாங்கள்."

"அந்தப் பெடியளை எனக்குத் தெரியாது. இவனை எனக்குத் தெரியும். போன மாசம்தான் இவன்ர மனிசிக்குப் பிள்ளை பிறந்தது. நித்திரை இல்லை. அதுதான் அடி விழுகுதில்லை. பொறு, வரும்."

"அவன் என்ன உங்கட மச்சானே?"

"இஞ்சாருங்கோ, றோட்டைப் பாருங்கோ" என்பார் பிலோமினா அக்கா.

எந்த மாற்றத்தைச் சொன்னாலும் இதுதான். கொடுக்கப்போகிறவனை அவருக்குத் தெரியும், வரப்போகிறவனைத் தெரியாது. ஆகவே வேண்டாம். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும் என்ற உலக நியாயம் அந்த மனிதரின் மண்டைக்குள் போகவே இல்லை. இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் இருப்பது போதும். கடையில் வாங்கிய சாமானைக்கூட அவர் திருப்பிக் கொடுத்து மாற்ற மாட்டார். பில்லைக் காட்டி, பாவித்த சட்டையைக்கூட மாற்றிக்கொள்ளும் நாடு இது. பிலோமினா அக்காவுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பனிச்சப்பாத்து இரண்டு அளவு பெரிது. "அதை ஏன் கொண்டுபோய்க் குடுப்பான்? நல்ல சப்பாத்து" என்றார். அக்கா அந்தக் குளிர்காலம் முழுவதும் காலுறைக்கு மேல் காலுறையாகப் போட்டுக்கொண்டு வாத்து நடை நடந்தார். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். அக்காவுக்கு அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்தக் குணத்தால் பிழைத்தவர்களில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெட்டி மடிக்கக் கை வராது. ஏஜென்சிக்காரன் வந்து, இவளை நிற்பாட்டிவிட்டு வேறு ஒருத்தியைத் தருகிறேன், கெட்டிக்காரி என்று அண்ணையிடம் சொன்னான். ஆட்களைக் கொண்டுவருகிறவர் என்பதால் அண்ணையிடம் ஒரு சொல் கேட்பார்கள். அண்ணை தன் விளையாட்டுப் பிரெஞ்சில், இந்தப் பிள்ளை இப்போதுதான் மைதானத்துக்கு வந்திருக்கிறாள், பருவம் முடியட்டும், பார்ப்போம் என்றார். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. நான் தப்பினேன். ஆகவே அவரைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒருநாள் அந்த நிகழ்ச்சிக்கு அவரே போன் எடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம். லைன் கிடைக்கக் காத்திருந்து அவருடைய சோறு ஆறிப்போனது. நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு அறை றேடியோவைச் சுற்றி நின்றோம். அணியின் பெரிய அடிகாரனைச் சம்பளம் கொடுக்க முடியாமல் அப்போதுதான் விட்டிருந்தார்கள். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. சும்மா போய்விட்டான். எங்கே இருந்து கதைக்கிறீர்கள் என்று நிகழ்ச்சிக்காரர் கேட்டார். புவாண்ட்-கிளேர் என்றார் அண்ணை. பிறகு உடைந்த பிரெஞ்சில் ஒரேயொரு கேள்வி கேட்டார். எல்லோரையும் அனுப்பிவிட்டு யாரோடு விளையாடப் போகிறீர்கள்? அந்த மனிதர், "ஐயா, நீங்கள் நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார். நாங்கள் கைதட்டினோம். தவம் அண்ணை மட்டும், "நல்ல மனிசன் எண்டால் விசரன் எண்டுதான் அர்த்தம்" என்றார்.

அணி இருந்த கடைசி வருடத்துக் கோடையில், தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் வருடாந்த ஒன்றுகூடலைப் பூங்காவில் வைக்காமல் ஸ்டேடியத்தில் வைக்க, அண்ணை பாதரைச் சம்மதிக்க வைத்தார். கூட்டம் வந்தால் அணியை விட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கிழவர்கள், கைக்குழந்தைகள், மீன் கட்லட், றோல்ஸ், பெரிய பிளாஸ்ரிக் வாளியில் எலுமிச்சைத் தண்ணீர் என்று ஒரு முழுப் பள்ளிக்கூட பஸ். அவர்களுடைய வேதமில்லாத, சைவ சமயக்காரியான நானும் போனேன். கொங்கிறீற் கூரைக்குக் கீழே அவ்வளவு பெரிய வெறுமையை நான் பார்த்ததில்லை. அங்கே எங்கள் சனம்தான் கூட்டம். கிரிக்கெட் மட்டும் தெரிந்த சனம். கோட்டுக்கு வெளியே பிழையாகப் போன பந்து கதிரைகளுக்குள் வந்து விழ, சிக்சர் என்று எழுந்து நின்று கத்தினார்கள். எதிர் அணிக்காரன் அடித்தபோதும் கத்தினார்கள், நல்ல அடிதானே என்று. மைதானத்தில் நின்ற ஒரு விளையாட்டுக்காரன் திரும்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தான். அண்ணை அழுதுவிட்டார். "பாத்தியளே, அவனுக்கு விளங்குது" என்றார். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

நேர்த்திக்கடன் கதைக்கு இப்போது வர வேண்டும்.

பிலோமினா அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாய் மன்னாரில் தனியே இருந்தார். ரொறொன்ரோவில் இருந்த தம்பிக்கு அப்போது வதிவுரிமை கிடைக்கவில்லை, ஆகவே தாயை இங்கே அக்காதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். விசா அலுவல் கொழும்பில் போய் நின்றுகொண்டது. கிழவிக்கு மருத்துவப் பரிசோதனை, அது பிழை, திரும்ப ஒன்று, அதற்குள் முதல் செய்தது காலாவதி. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தாயோடு போனில் கதைத்துவிட்டு, திங்கட்கிழமை வானில் ஏறும்போது கண் வீங்கியிருக்கும். வீட்டில் தாய்க்கென்று ஒரு அறை ஒழுங்கு செய்து, கட்டிலுக்கு விரிப்பும் போட்டு வைத்திருந்தார்.

அணியின் அந்தக் கடைசி வருடத்து வசந்தத்தில் அக்கா அண்ணையிடம் கேட்டார், அம்மா வந்து சேர வேண்டும் என்று சூசையப்பருக்கு நேர்ந்து முழங்காலில் ஏறுங்கோ என்று. கோட்-டெ-நெய்ஜில் மலையில் இருக்கும் சூசையப்பரின் பெரிய கோயிலுக்கு ஏறும் படிகளுக்கு நடுவே, முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே மரப்படிகள் இருக்கின்றன. படிக்கொரு செபம். அக்காவுக்கு மூட்டு வருத்தம், அவரால் முடியாது. அண்ணை ஏறினார். நான் அன்று போயிருந்தேன். அக்கா அடியில் அவருடைய சப்பாத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு படிக்கும் சேர்ந்து வாயசைத்தார். அண்ணை மேலே போய்ச் சேர்ந்தபோது எழும்ப முடியாமல் இரண்டு பேர் தூக்கினார்கள்.

பங்கில் அவருக்கு வந்த பெயரைச் சொல்லி முடியாது. மாமியாருக்காக முழங்காலில் ஏறிய மருமகன்! பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவதற்கு ஒரு வருடத்துக்குப் போதுமான ஆயுதம் கிடைத்தது. "நீங்கள் என்ர அம்மாவுக்கு ஒரு போன் எடுக்கமாட்டியள், அந்த மனிசன் முழங்காலில ஏறுது" என்று வாகனத் தரிப்பிடத்தில் சண்டை நடந்ததை என் காதால் கேட்டேன். பிலோமினா அக்கா அந்த மாதங்களில் ஒரு அங்குலம் உயர்ந்துதான் நடந்தார்.

செப்டம்பர் கடைசியில், வேலை முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. றேடியோவில் அறிவித்தார்கள். முடிந்தது, அணி அமெரிக்கத் தலைநகருக்குப் போகிறது. அண்ணை றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். தவம் அண்ணைக்கு வாய் சும்மா இருக்குமா?

"நான் சொன்னனான்தானே. அப்பவே நாலு பேரை வித்து நல்ல ஆக்களை எடுத்திருந்தா ஒருத்தன் வாங்கியிருப்பான். உங்களைப் போல ஆக்களாலதான் போனது அண்ணை. இவனை விடாதை, அவனை மாத்தாதை. கதை, கதை, கதை. கதைக்கிறதைவிட இந்த ரீமுக்கு நீங்கள் என்னத்தைச் செய்தனீங்கள்?"

அண்ணை ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார்.

"நான் முழங்காலில ஏறினனானடா!"

அடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. றேடியோவை அவர் கை தானாகவே நிறுத்தியது.

பிலோமினா அக்கா அவசரப்படவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்கள் அம்மாவுக்கெண்டெல்லோ ஏறினது?"

"ஓம். மாமிக்கும்தான். ரெண்டையும் சேர்த்து நேர்ந்தனான் பிலோமி. ஏறுறது ஏறுறன், ரெண்டையும் கேப்பம் எண்டு."

"ஆரை முதல் சொன்னீங்கள்?"

முன்னால் நின்ற வாகனம் நகர்ந்தது. அண்ணை நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். தவம் அண்ணைக்கே பயம் பிடித்துவிட்டது.

"அக்கா, முதல் என்ன, பேந்து என்ன, சாமிக்கு எல்லாம் ஒண்டுதானே."

"நீங்கள் கதைக்காதேங்கோ, தவம்." அக்கா அண்ணையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்கோ. ஆரை முதல் சொன்னீங்கள்?"

"ரீமைத்தான்" என்றார் அண்ணை.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பொய். ஒரேயொரு பொய். கலியாணம் கட்டிய எந்த ஆம்பிளையும் மூச்சு விடுவதுபோலச் சொல்லிவிட்டுப் போகும் பொய். அதைச் சொல்லியிருந்தால் அந்த வான் அன்று வீடு போய்ச் சேர்ந்திருக்கும். கொஞ்சம் உண்மையைக் கொடுத்துக் கொஞ்சம் நிம்மதியை வாங்கவும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பிலோமினா அக்கா முன் இருக்கையில் ஏறவில்லை. கடைசி வரிசையில், நித்திரைக்காரர் இருவருக்கும் நடுவில் போய் இருந்தார். தவம் அண்ணை முன்னுக்குப் போக மறுத்தார். நான் போனேன். போக வேண்டித்தான் இருந்தது, அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு யாரால் வேலைக்குப் போக முடியும்?

பின்னொரு நாள், நாங்கள் இருவர் மட்டும் வானில் இருந்தபோது அண்ணை தானாகவே சொன்னார். "வேணுமெண்டு சொல்லேல்லை தங்கச்சி. அண்டைக்குக் காலமை றேடியோவில ரீம் போகப்போகுது எண்டு சொன்னவங்கள். மனம் அதிலயே நிண்டது. முதல் படியில முழங்காலை வைச்ச உடன வாயில அதுதான் வந்தது. ரெண்டாம் படியில மாமியைச் சொன்னனான்." ஒரு படிதான் இடைவெளி. அதை அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். அக்கா கேட்டுவிட்டு, தாய்க்கென்று போட்டிருந்த கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

மாசியில் மன்னாரில் தாய் இறந்துபோனார். மூன்றாவது தடவையாக மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. போக வேண்டிய வாரத்தில் நெஞ்சுநோ வந்தது. செத்தவீட்டுக்குப் போக அக்காவால் முடியவில்லை. இங்கே பூசை கேட்டார்கள். பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, யாரோ ஒரு பெண் ஆறுதலாக, மருமகன் இவ்வளவு செய்தும் கொடுத்து வைக்கவில்லையே என்றாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

"அவர் செய்தவர்தான்" என்றார் பிலோமினா அக்கா. குரல் உயரவே இல்லை. "ரீமுக்கு என்ர அம்மாவைக் குடுத்தவர். பதிலுக்கு ஒண்டும் வாங்கேல்லை. ரீமும் இல்லை, அம்மாவும் இல்லை."

அண்ணை கோப்பைகள் அடுக்கிய தட்டத்தோடு கதவடியில் நின்றார். நின்றபடியே நின்றார். யாரோ அந்தத் தட்டத்தை அவர் கையில் இருந்து வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு வானில் நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது. அவர் அணியைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அணியே இல்லை, ஆட்கள் ஊர் ஊராகச் சிதறிவிட்டார்கள், அவர் மட்டும் அவர்களைச் சொந்தக்காரரைப் போலத் தேடிப் பிடித்துக் கதைத்தார். எங்கட எறிகாரன் அங்கே போய்க் கையை முறித்துக்கொண்டான். எங்கட சின்னவன் இப்போது நன்றாக அடிக்கிறான், பார்த்தீரோ. பிறகு அதுவும் போதாமல் புதிதாக ஒன்று தொடங்கினார். "எங்கட ரீம் இருந்திருந்தா, தங்கச்சி, இந்த முறை ஆரை எடுத்திருக்கலாம்?" இல்லாத அணிக்கு ஆள் எடுக்கும் வேலை. நான் பதில் சொன்னேன். இவனை எடுக்கலாம் அண்ணை, அவனுக்கு வயது போய்விட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் சண்டை பிடித்தார். பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா நித்திரையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் அண்ணை கதைத்தார் என்று நினைக்கிறேன். ஒருநாளாவது பின்னால் இருந்து "றோட்டைப் பாருங்கோ" என்று ஒரு சத்தம் வராதா என்று. வரவில்லை.

தவம் அண்ணை குடும்பத்தோடு ரொறொன்ரோவுக்குப் போனார். அங்கே தமிழ்ச் சனம், ஆங்கிலம், வேலை. மொன்றியலில் யார்தான் நின்றார்கள்? அடுத்த கோடையில் அக்காவும் தம்பியிடம் போவதாகச் சொன்னார். சண்டையில்லை, சத்தமில்லை. அண்ணையே வானில் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் கதைக்கேல்லை. கோண்வோல் ரவுண் தாண்ட மொன்றியல் றேடியோவும் கேக்கேல்லை" என்றார். இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பி வந்தார். நீங்களும் அங்கே போய் இருந்தால் என்ன என்றேன். "இஞ்ச இருக்கிற வேலையையும் வானையும் விட்டிட்டோ? உங்களை ஆர் ஏத்துறது?" என்றார். அப்போது வானில் அவரோடு நான் மட்டும்தான் மிச்சம். நித்திரைக்காரர்கள்கூடப் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த வருடம் ஒரு கலியாணத்துக்கு நான் ரொறொன்ரோ போயிருந்தேன். பிலோமினா அக்காவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். தேத்தண்ணி தந்தார். ஊர்க்கதை, வேலைக்கதை எல்லாம் கதைத்து முடித்து, நான் சப்பாத்துப் போடும்போதுதான் அதைச் சொன்னார்.

"அவரை மார்கழியில நத்தார்ப் பெருநாளுக்கு வரச் சொல்லுங்கோ. வந்து, அம்மாவைத்தான் முதல் சொன்னனான், அண்டைக்குத் தவத்தோட இருந்த கோவத்தில மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். நான் நம்புவன். அவர் பொய் சொல்லுற மனிசன் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அவர் சொன்னால் நம்பலாம். நான் திரும்பி வருவன்."

இந்த வாய்ப்பை யார் விடுவார்கள்? பஸ்சில் வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசம். திங்கட்கிழமை காலை வானில் ஏறியதும் ஏறாததுமாகச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அண்ணை வானை ஓரத்தில் நிறுத்தினார். வெளியே மழையும் பனியுமாக ஏதோ பெய்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கோ அண்ணை. ஒரு சொல்லுத்தானே. நீங்கள் இவ்வளவு காலமும் சொன்ன உண்மையெல்லாம் காணும், போதும்."

அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே இருந்து துடைத்தால் வெளியே இருக்கும் ஈரம் போகாது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் துடைத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். நான் உண்மையா மாமியை முதல் சொல்லியிருந்தா, அவ உயிரோட இஞ்ச வந்து சேர்ந்திருப்பாவோ?"

"என்ன விசர்க்கதை அண்ணை! அது கொழும்பில பேப்பர் பிந்தினது. மெடிக்கல் பிந்தினது. நீங்கள் ஆரை முதல் சொன்னா என்ன?"

அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்ட ஆட்டம் அல்ல. என் மேல் பரிதாபப்பட்ட ஆட்டம்.

"நீர் சைவம், தங்கச்சி. உமக்கு எங்கட சூசையப்பரைத் தெரியாது. முதல் கேட்டதுக்குத்தான் அவர் முதல் போவார். அதுக்குப் போய் அலைஞ்சிட்டு வர, மாமிக்கு நேரம் முடிஞ்சுது. நான்தான் சாகக் குடுத்தனான். அதை மறைச்சுப்போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த சீட்டில இருத்துறதே?"

நான் என்னென்னவோ சொன்னேன். கத்தினேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் வானை எடுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்த நத்தாருக்கு அவர் போகவில்லை. அடுத்த நத்தாருக்கும் போகவில்லை. பிலோமினா அக்கா போனில் கேட்டபோது, சரிவரவில்லை அக்கா என்று மட்டும் சொன்னேன். "அப்ப நான் நினைச்சது சரிதான்" என்றார். எல்லாவற்றையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்ட பிறகும், அந்தத் தாயைச் சாகவிட்டது அவர்தான் என்பதில் மட்டும் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே எண்ணம். இல்லை என்று சொல்ல அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் மட்டும்தான் இருந்தேன், நானோ சைவக்காரி.